உலகாயி அடிச்ச எலும்புக்கத்தி

ஒரே ஒரு ஊர்ல உலகாயின்னு ஒரு கொல்லச்சி இருந்தாளாம். புருசன் செத்ததும் பட்டறைய மூடல, அவளே சம்மட்டிய எடுத்து அடிச்சாளாம். அரண்மனை அடுப்படிக்குக் கத்தியெல்லாம் அவ அடிச்சதுதான். காய் நறுக்க மெலிசா, மீன் அரிய நீளமா, ஆட்டெலும்பு வெட்ட மட்டும் நாலு கத்தி, வயிறு பொடச்சு வளைஞ்சு, வெட்டுற வாய் தடிப்பா அடிச்சுக் குடுத்திருந்தா.

அப்போ அரண்மனைக்குப் புதுசா ஒரு மணியக்காரன் வந்தான். வேலை தெரியாதவன், அதிகாரம் மட்டும் தெரிஞ்சவன். இந்த மாதிரி ஆளுகளக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். அவன் எலும்புக்கத்தியத் தூக்கிப் பாத்துட்டு, "என்னடி இது, கோணலா இருக்கு? முடிய வச்சு ஊதுனா ரெண்டாகணும், அதான் கத்தி. நாலு கத்தியையும் நேராக்கு, மெலிசாத் தீட்டு"ன்னானாம்.

"ஐயா, அது கோணல் இல்ல, வளைவு. வளைஞ்சிருந்தாத்தான் ஓங்குன அடி மொத்தமும் ஒரே எடத்துல எறங்கும். நேரா இருந்தா செதறிப்போகும். வாய் மெலிசா இருந்தா எலும்புல பட்டதும் சில்லு சில்லாப் பேந்துரும்"னு சொன்னா. ஒருக்கா சொன்னா, கேக்கல. ரெண்டாந்தரம் சொன்னா, கேக்கல. மூணாந்தரம் சொன்னதுக்கு, "பட்டறைய இடிச்சுப்புடுவேன்"னான். என்ன செய்வா, பல்லக் கடிச்சுக்கிட்டு அவன் சொன்னபடியே அடிச்சுக் குடுத்தா.

அப்புறம் இளவரசனுக்குக் காதுகுத்து வந்துச்சு. கெடா வெட்டி, கறி ஆக்கி, ராசா ஒரு துண்டக் கடிச்சாரு பாருங்க, நறுக்! கறிக்குள்ள இரும்புச் சில்லு. பல்லு ஒடஞ்சு ரத்தமா ஊத்துது. "எவன்டா இதுக்குக் காரணம்?"னு கத்துனாரு. மணியக்காரன் கூசாம, "கத்தி அடிச்ச கொல்லச்சிதான் ராசா"ன்னான். அவளக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கணுமா இல்லையா? கேக்கல! "வெட்டுங்கடா அவ வலது கைய"ன்னுட்டாரு.

இழுத்துட்டு வந்தாங்க. அவ அழுதான்னா நெனச்சீங்க? கொதிச்சுப்போய் நின்னா. "மூணு தரம் வேணாம்னு சொன்னேன் ராசா, இந்த மணியக்காரரு கேக்கல. கைய வெட்டுங்க, ஆனா இவரு அடிக்கச் சொன்ன கத்தியால இவரே வெட்டணும். மொதல்ல ஒரு ஆட்டுத்தொடை எலும்ப வெட்டிக் காட்டட்டும். வாய் பேராம வெட்டிட்டாருன்னா தப்பு என்னுது, கைய நானே நீட்டுறேன்."

மிச்சமிருந்த கத்தியில ஒண்ணக் குடுத்தாங்க. மணியக்காரன் ஓங்கி ஒரு வெட்டு வெட்டுனான், வழுக்கிட்டுப் போச்சு. ரெண்டாவது வெட்டுனான், கொஞ்சம் எறங்கி மாட்டிக்கிச்சு. பிடுங்கி மூணாவது வெட்டுனான், சில்லு தெறிச்சு அவன் மூக்கையே கிழிச்சிருச்சு! அப்புறம் உலகாயி தன் வீட்டுக்குன்னு வச்சிருந்த வளைஞ்ச கத்தியக் கொண்டாரச் சொல்லி, போட்டா ஒரே போடு. எலும்பு ரெண்டு துண்டு.

ராசா மொகம் தொங்கிப்போச்சு. "இவன என்ன செய்யலாம், நீயே சொல்லு தாயி"ன்னாரு.

"ஆயுசு முழுக்க உங்க அடுப்படியில அந்தக் கத்தியாலயே எலும்பு வெட்டட்டும்."

"அப்படியே ஆகட்டும். உனக்கு நெலம் தாரேன், வளைஞ்ச கத்தி நாலு அடிச்சுக் குடு."

"ஒரு வார்த்தை கேக்காம வெட்டச் சொன்னீங்களே ராசா, அந்தக் கைதான் இது. ஊருக்கெல்லாம் அடிக்கும். உங்களுக்கு அடிக்காது"ன்னு சொல்லிட்டு, திரும்பிப் பாக்காமப் போயிட்டா.

அதுக்கப்புறம் எலும்ப வெட்ட ஒழுங்கான கத்தி இல்லாம, ராசா உசிரோட இருந்தவரைக்கும் முழு எலும்பத்தான் மிச்சப் பல்லால கடிச்சு இழுத்தாராம். நல்லா வேணும்! அவ பட்டறைக்குப் போயிட்டா, கதை உங்க காதுக்கு வந்துருச்சு.