ஏழாம் நம்பர் போன்

"இன்னும் என்னதான் மேடம் வேணும் உங்களுக்கு?"

தணிகைவேல் அறிக்கையை மேசையில் அறைந்தான்.

பிலோமினா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனைவிட ஆறு வயது இளையவர். ஆனால் ஆய்வுக்கு வழிகாட்டி அவர்தான். அவர் கையெழுத்தில்லாமல் ஒரு காகிதம் நகராது.

"நாலு வருஷம் மேடம். செல்போன் நெட்வொர்க்குல தகவல் போற நெறிமுறையையே புதுசா எழுதியிருக்கேன். பழசு இது கிட்டவே வர முடியாது. நீங்க கையெழுத்துப் போட்டா நாளைக்கே கொல்லிமலை ஆம்புலன்ஸ்ல ஏத்திருவாங்க. வண்டி இறங்கும்போதே நோயாளியோட இதயத் துடிப்பு டாக்டர் கைக்கு வந்திரும். நீங்க என்னடான்னா மூணு வாரமா சரியில்லைங்கறீங்க."

"சரியில்லை."

"எது?"

"அளந்தது."

பல்லைக் கடித்தான்.

"பத்துப் போன். பதினஞ்சு நாள் அந்த மலையில ஏறி இறங்கியிருக்கு. அனுப்பினது எத்தனை நொடியில போய்ச் சேர்ந்துச்சுன்னு அந்தந்தப் போனே சொல்லுது. நான் கையே வைக்கலை. திரையைப் பாருங்க!"

சுவரில் திரை. கடைசி ஐந்து நிமிடத்தில் வந்து சேர்ந்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, இரண்டு நொடிக்குள்; மலையிலும் இதே கணக்குத்தான். மலையிலிருந்து திரும்பிய பத்துப் போன்களும் ஜன்னலோரம் வரிசையாகக் கிடந்தன. இப்போதும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தன.

"இதுல எது மோசம்?" என்றார் பிலோமினா.

"ஏழாம் நம்பர். அரதப் பழசு. திணறித் திணறி என் மானத்தை வாங்குது."

பிலோமினா எழுந்து வெளியே போனார். கேண்டீனிலிருந்து திரும்பி வந்தபோது கையில் பரோட்டா பார்சல் கட்டும் அலுமினியத் தாள் சுருள்.

தணிகைவேலுக்கு வயிறு எரிந்தது. நாலு வருஷ உழைப்பு இங்கே கிடக்கிறது, இந்த அம்மாவுக்குச் சாப்பாட்டு ஞாபகம்.

அவர் ஏழாம் நம்பரை எடுத்தார். சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு, ஐந்து. இறுக்கி மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"என்ன விளையாட்டு இது? சிக்னலே கிடைக்காது அதுக்கு!"

"திரையைப் பாருங்க."

முறைத்துக்கொண்டே பார்த்தான்.

இரண்டு நிமிடம். தொண்ணூற்றேழு.

இன்னும் கொஞ்சம். தொண்ணூற்றொன்பது.

"ஏறுது!" கோபம் மறந்து கத்தினான். "மேடம், ஏறுது!"

"ஏழாம் நம்பர் என்ன சொல்லுது?"

"அது எங்க சொல்லும்? சிக்னல் இருந்தாத்தானே..."

சிக்னல் இல்லாத போன் கணக்கிலேயே வரவில்லை.

அந்த மலைக்கு எழுபது வளைவு. எத்தனை வளைவில் பத்துப் போனும் வாயடைத்துக் கிடந்ததோ.

பிலோமினா சுருளை அவன் மார்பில் எறிந்தார்.

"நல்லா ஓடுற ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் சுத்துங்க. நூறு வரும்."