கட்டை யார் கையில்?

கருங்கடம்பூர்ப் பாளையத்துக்குப் போர் பழகிப்போயிருந்தது. மேற்கத்தி ராஜா ஒருவன், "இந்தப் பாளையம் எங்க தாத்தா காலத்துல எங்களோடது" என்று சொல்லிக்கொண்டு படையோடு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவர்கள். அவனால் ஆற்றைத் தாண்ட முடியவில்லை. இவர்களால் அவனை விரட்டவும் முடியவில்லை.

பாளையக்காரர் முத்திருளப்பருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. மீசை நரைத்ததே தவிர முறுக்குத் தளரவில்லை. மூத்த மகன் அந்த ஆற்றங்கரையிலேயே போய்ச் சேர்ந்தான். இளையவன் இப்போது அதே கரையில் நிற்கிறான்.

இந்தச் சமயத்தில்தான் கிழக்கே கடற்கரைச் சீமை ராஜாவின் தூதர் அனந்தராயர் வந்து இறங்கினார். சும்மா வரவில்லை. பின்னால் ஒரு பட்டாளமே வந்து ஏரிக்கரையில் கூடாரம் அடித்தது. கையில் ஓலை இருந்தது.

"பீரங்கி தர்றோம். வெடிமருந்து, குண்டு, ஆள் எல்லாம் தர்றோம். பொன் வேண்டாம், நிலம் வேண்டாம். போர் எங்கே நடக்கணும், எப்போ நிக்கணும்ங்கிறதை மட்டும் எங்க அரசர் சொல்வார். அவ்வளவுதான்" என்றார் ராயர்.

அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அதை வெற்றிலைக்குள் சுண்ணாம்பு வைத்து மடிப்பதுபோல மடித்துக் கொடுத்தார்.

"நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள முத்திரை விழணும். இல்லேன்னா வழியில வந்துக்கிட்டிருக்கிற பீரங்கி வண்டி அப்படியே திரும்பிடும்."

சபை கூடியது. கூடினால் கேட்க வேண்டுமா?

"பீரங்கி இல்லேன்னா மழைக்கு முந்தி கோட்டை விழுந்துரும்" என்றார் தளவாய்.

"வாங்கினா கோட்டை விழாது. ஆனா போரும் முடியாது" என்றார் மந்திரி. "மேற்கத்தியான் நம்மளோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும் கடற்கரைச் சீமை நிம்மதியாத் தூங்கும். நம்மளை ஜெயிக்கவும் விடமாட்டாங்க, தோக்கவும் விடமாட்டாங்க. பேரப்பிள்ளைக காலம் வரைக்கும் இழுக்கும்."

"பேசாம மேற்கத்தியான் கால்ல விழுந்துட்டா என்ன?" என்றார் மாமன் முறை உள்ள ஒருவர். பந்திக்கு முந்திப் படைக்குப் பிந்துகிற ஆசாமி அவர். ஆற்றங்கரையை இதுவரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

இருளப்பர் சபையைக் கலைத்தார். மறுநாள் விடிந்ததும் தேரடிக்குப் போனார்.

தேரடியில் மூணுவிரல் சாமி இருந்தார். பாளையக்காரரைவிட அவருக்குப் பத்து வயது குறைவு. ஞானத்துக்கு நரை எதற்கு? எந்த ஊரில் இருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. இடது கையில் இரண்டு விரல் கிடையாது. எப்படிப் போயின என்று அவரும் சொன்னதில்லை, இருளப்பரும் கேட்டதில்லை.

"சாமி, உதவியை வாங்கவா, வேண்டாமா? வாங்கினாலும் வாங்காட்டியும் இந்தப் போர் எப்ப முடியும்?"

சாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இன்னைக்கு என்ன விசேஷம்?"

"தேரோட்டம்."

"அப்ப வா, வடம் பிடிப்போம். உன் கேள்வி எங்கயும் ஓடிப்போயிராது."

கருங்கடம்பூரில் ஒரு வழக்கம். தேரோட்டத்தன்று காலையில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுவார்கள். தேர் நாலு தெருவையும் சுற்றி நிலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மறுபடி பற்றவைப்பார்கள். அதுவரை பச்சைத் தண்ணீர்தான். பாளையக்காரர் வீட்டுக்கும் அதே சட்டம்.

அந்த வருஷம் தேரடியில் பெண்களும் கிழவர்களும் கட்டுப்போட்ட காயக்காரர்களும்தான் நின்றார்கள். இளவட்டங்கள் எல்லாம் ஆற்றங்கரையில் இருந்தார்கள்.

அனந்தராயர் பல்லக்கில் வந்து இறங்கினார். நிலைமையை ஒரு பார்வையில் புரிந்துகொண்டார்.

"கவலை எதுக்கு? எங்க ஆளுங்க இழுப்பாங்க."

ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. இருளப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த நேரத்தில் ராயர் அவருக்குத் தெய்வமாகவே தெரிந்தார்.

தேரில் இரண்டு வேலை உண்டு. முன்னால் வடத்தைப் பிடித்து இழுப்பது ஒன்று. சக்கரத்தை ஒட்டியே நடந்து, அதன் முன்னால் மரக்கட்டையைச் செருகித் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் இன்னொன்று. வடத்தை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். கட்டை போடுகிறவன் மட்டும் தேரோடும் தெருவில் வீடு உள்ளவனாக இருக்க வேண்டும். அந்த வருஷம் முறைக்காரன் சங்கிலி. தலையில் பரிவட்டம் கட்டிக்கொள்ளக் குனிந்து நின்றான்.

இருளப்பர் பரிவட்டத்தைக் கையில் வாங்கினார். வந்த விருந்தாளிக்கு முதல் மரியாதை செய்யாமல் விட்டால் ஊர் என்ன பேசும்? திரும்பி, ராயருடைய படைத்தலைவன் தலையில் அதைக் கட்டிவிட்டார். கட்டையையும் அவன் கையில் கொடுத்தார்.

சங்கிலி முகம் வாடிப்போனது. "மகாராசா, தேர்த்தெருக்காரன்தானே கட்டை போடணும்?"

"விருந்தாளிக்கு மரியாதை பண்றது எப்படின்னு எனக்குச் சொல்லித் தர்றியா?"

சங்கிலி ஒதுங்கி நின்றான். இருளப்பர் சாமியைப் பார்த்தார். சாமி வடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டாளத்தார் வடத்தைத் தொட்டதுதான் தாமதம், தேர் கிடுகிடுவென்று புறப்பட்டது. கீழத்தெரு போனதே தெரியவில்லை. அடேயப்பா, அப்படி ஓர் ஓட்டத்தை ஊர் பார்த்ததே இல்லை. பெண்கள் குலவை போட்டார்கள். தெற்குத்தெருவும் முடிந்தது.

மேலத்தெரு நடுவில் ராயர் பல்லக்கிலிருந்து கையைத் தூக்கினார். படைத்தலைவன் கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் அடித்து இறுக்கினான். அத்தனை பேரும் வடத்தைக் கீழே போட்டுவிட்டு நிழலுக்கு ஒதுங்கினார்கள்.

தேர் நடுத்தெருவில் நின்றது. உச்சி வெயில் தேரில் இருந்த தெய்வத்தின் முகத்தில் அடித்தது.

"என்ன ராயரே, ஏன் நிறுத்திட்டாங்க?" என்றார் இருளப்பர்.

"ஆளுங்க களைச்சுட்டாங்க. அவசரம் என்ன?" ராயர் ஓலையை எடுத்து நீட்டினார். "இதுல முத்திரை விழுந்தா அவங்களுக்கும் ஒரு தெம்பு வரும்."

தேரை இழுத்துத் தெருவில் விட்ட கதை என்று வாய்க்கு வாய் சொல்வோமே, அதைக் கருங்கடம்பூர் அன்றைக்குக் கண்ணாலேயே பார்த்தது.

நிழல் கிழக்கே நீள ஆரம்பித்தது. குழந்தைகள் பசியில் அழுதன. எந்த வீட்டிலும் புகை இல்லை. ஒருத்தி இடுப்புப் பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருளப்பரைப் பார்த்தாள். அவருக்கு ராயர் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

சாமியிடம் போனார்.

"இப்ப என்ன செய்ய, சாமி?"

"கட்டை யார் கையில இருக்கு?"

"அவங்க கையில."

"பிடுங்கிக்கிட்டாங்களா?"

"இல்ல. நான்தான் குடுத்தேன்."

"பிறகென்ன?"

இருளப்பர் தலைப்பாகையைக் கழற்றிச் சங்கிலி கையில் கொடுத்தார். வேட்டியை வரிந்து கட்டினார். நேரே படைத்தலைவன் முன்னால் போய் நின்றார்.

"கட்டையைக் கொடப்பா."

"ராயர் உத்தரவு இல்லாம..."

"இது என் ஊருத் தேரு. என் வீடும் தேர்த்தெருவுலதான் இருக்கு. கொடு."

சத்தம் போடவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு எதிரே நிற்க அவனால் முடியவில்லை. பரிவட்டத்தை அவிழ்த்தான், சக்கரத்தடியில் இருந்த கட்டையை உருவிக் கொடுத்தான்.

ராயர் சிரித்தார். "கட்டை சரி. இழுக்க ஆள்?"

இருளப்பர் தெருவைப் பார்த்துக் கூப்பிட்டார். "பசிச்சவங்கள்லாம் வந்து வடத்தைப் பிடிங்க!"

பிள்ளைக்காரி பிள்ளையை இறக்கி விட்டுவிட்டு முதல் ஆளாக வந்தாள். கிழவர்கள் வந்தார்கள். ஆற்றங்கரையில் காலைப் பறிகொடுத்தவன் ஒருவன் ஊன்றுகோலை வீசிவிட்டு, வடத்தையே பிடித்துக்கொண்டு நின்றான். பந்திக்கு முந்துகிற மாமன்கூட வந்தார். அவருக்கும் பசிதானே!

இழுத்தார்கள். தேர் அசையவில்லை. மறுபடி இழுத்தார்கள். சக்கரம் கிரீச்சென்று முனகி ஒரு முழம் உருண்டது. போட்டார்கள் பாருங்கள் ஒரு குலவை, ஏரிக்கரைக் குதிரைகள் மிரண்டன.

நிழலில் உட்கார்ந்திருந்த பட்டாளத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களும் ஏதோ ஊரில் தேர் இழுத்தவர்கள்தானே. ஒருவன் எழுந்து வந்தான். அவன் பின்னால் நாலு பேர். பிறகு பத்துப் பதினைந்து பேர். "யாரைக் கேட்டுடா போறீங்க?" என்று ராயர் கத்தினார். "சாமி வெயில்ல நிக்குதுங்க" என்றான் ஒருவன், திரும்பிப் பார்க்காமல்.

வடக்குத்தெரு முனையில் பள்ளம். தேர் சட்டென்று வேகம் எடுத்தது. இருளப்பர் பாய்ந்து கட்டையைச் செருகினார். சக்கரம் அதன்மேல் ஏறி, முறுக்கி, நின்றது. கையை இழுத்துக்கொண்டார். நகம் இரண்டு பெயர்ந்து ரத்தம் சொட்டியது. மறு கையால் கட்டையை உருவிக்கொண்டு சக்கரத்தோடு நடந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. ஊர் முழுக்க அடுப்புப் புகை எழும்பியது. வடம் பிடித்த பட்டாளத்தாரைத் தேர்த்தெருப் பெண்கள் கையைப் பிடித்து இழுத்துப்போய் இலை போட்டு உட்காரவைத்தார்கள்.

அனந்தராயர் ஓலையோடு தேரடிக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது.

"என்ன முடிவு?"

"பீரங்கி குடுத்தா கும்பிட்டு வாங்கிக்கிறோம்" என்றார் இருளப்பர். "ஆள் குடுத்தா எங்க சோத்துல பங்கு குடுக்கிறோம். உப்பிட்டவங்களை மறக்கிற சாதி இல்ல நாங்க. ஆனா கட்டையைக் குடுக்க மாட்டோம். எங்க நிக்கிறது, எப்ப நிறுத்தறதுன்னு நாங்கதான் சொல்வோம்."

"அப்படின்னா பீரங்கி வர்றதுக்கு நான் பொறுப்பில்ல. அழிஞ்சு போவீங்க."

"மேற்கத்தியானும் மூணு வருஷமா அதைத்தான் சொல்றான்."

ராயர் சாமி பக்கம் திரும்பினார்.

"நீங்களாவது புத்தி சொல்லுங்க. தூரத்துல இருந்து பாக்கிறவனுக்குத்தானே தேர் முழுசாத் தெரியும்? சக்கரத்தடியில கிடக்கிறவனுக்கு எங்க நிறுத்தறதுன்னு என்ன தெரியும்?"

சாமி இடது கையை உயர்த்திக் காட்டினார். மூன்று விரல்.

"எங்க ஊர்ல நான் கட்டை போட்டவன், ராயரே. உங்க ராஜா கையை ஒரு தடவை காட்டச் சொல்லுங்க. அதுல விரல் குறைஞ்சிருந்தா கட்டையை நானே தூக்கிக்கிட்டு வந்து குடுக்கிறேன்."

ராயர் ஓலையைச் சுருட்டினார். பல்லக்குக் கிழக்கே போனது.

சாமி தன் துண்டைக் கிழித்து இருளப்பரின் கையில் கட்டுப்போட உட்கார்ந்தார். மூன்று விரலும் அழகாக முடிச்சுப் போட்டன.

"சாமி, நாளைக்கு நான் ஆத்தங்கரைக்குப் போகணும். பையனுக்கு ஒரு பதில் சொல்லணும். பீரங்கி வந்தாலும் வரும், வராமலும் போகும். காலையில கேட்டது அப்படியே நிக்குது. இந்தப் போர் எப்ப முடியும்?"

"தேர் எப்ப நிலைக்கு வரும்னு இந்த ஊர்ல யாராவது உன்னைக் கேட்டாங்களா?"

"கேக்கலை."

"அடுப்பை அணைச்சிட்டு வந்தாங்க. நிலை சேர்ற வரைக்கும் வடத்தை விடலை" என்றார் சாமி.