இன்னும் இரண்டு தடவை

"முந்நூறு பேர் பேசுகிற மொழிக்கு எதற்கு ஒரு பேராசிரியர் என்று கேட்டார்கள், மாதி. முகத்துக்கு நேரே கேட்டார்கள்."

மாதி வாசலில் உட்கார்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கயற்கண்ணி தோள்பையை இறக்காமல் நின்றாள். பல்கலைக்கழக நேர்காணலில் தோற்றுவிட்டு மலையேறி வந்திருந்தாள். பெங்களூரில் ஒரு விளம்பரக் கம்பெனி மொழிபெயர்க்க ஆள் தேடியது, ஒப்புக்கொண்டுவிட்டாள். மூன்று மணி பஸ்ஸில் கிளம்பினால் இனி இந்த மலைக்கு வேலையில்லை.

அதற்கு முன் மாதியிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். இருவருக்கும் ஒரே வயதுதான். ஆனாலும் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் "என் ஆசிரியை" என்று அவள் எழுதியது மாதியைத்தான்.

"பெங்களூரில் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன், மூன்று மணி பஸ்ஸில் போகிறேன். ஏழு வருஷம். உங்கள் பேச்சில் நாலாயிரம் சொல். எல்லாம் வீணா?"

மாதி முறத்தை நிறுத்தினாள். தன் மொழியில் சாமைக்கான சொல்லைச் சொன்னாள். கொஞ்சம் விட்டு மறுபடி சொன்னாள். இன்னொரு முறையும்.

மூன்றும் ஒரே குரல். உப்புச் சப்பில்லாத குரல்.

கயற்கண்ணிக்குச் சுருக்கென்றது. பதிவு தெளிவாக விழவேண்டுமென்று எந்தச் சொல்லையும் மூன்று தடவை சொல்ல வைப்பது அவளுடைய வழக்கம். ஊர்ப் பிள்ளைகள் அவளைப் போல நடித்து விளையாடும்போது, ஒருத்தி ரெக்கார்டர் மாதிரி குச்சியை நீட்டுவாள். மற்றவர்கள் எதையும் மூன்று தடவை சொல்வார்கள்.

"கேலி செய்யாதே. தோற்றுப்போய் வந்து நிற்கிறேன்."

மாதி மலைக்கான சொல்லைச் சொன்னாள். மூன்று தடவை.

"வேறெதுவும் பேச வராதா உனக்கு?"

"நீ கேட்டது இதைத்தானே, கயலு?" மாதி தமிழுக்கு வந்தாள். "உன் மெஷின் முன்னால் ஒரு நாளாவது நான் கோபப்பட்டிருக்கிறேனா? பொய் சொல்லியிருக்கிறேனா? ஏழு வருஷமாக என்னோடு சண்டை போடுகிறாய். எல்லாம் தமிழில்."

"உங்கள் பேச்சில் போட்டால் தப்பு வரும்."

"வரட்டுமே. உன்னை அப்படிக் கேட்ட பெரிய மனுஷருக்கு என்ன பதில் சொன்னாய்?"

கயற்கண்ணி காலைப் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவள், அந்த அறையில் மட்டும் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்திருந்தாள்.

மாதி முறத்தைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, இல்லாத கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். தன் மொழியிலேயே கேட்டாள்.

"முந்நூறு பேர் பேச்சு யாருக்கு வேணும்? சொல்லு."

கயற்கண்ணி ஆரம்பித்தாள். முதல் வாக்கியம் நொண்டியது. இரண்டாவது விழுந்தது. மாதி சிரித்தாள், அந்தச் சிரிப்பில் கயற்கண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ ஒரு ஊரில் ஒரு நாள் தங்கியிருக்கிறாயா, ஒரு வீட்டில் கஞ்சி குடித்திருக்கிறாயா, எண்ணிக்கை பார்த்து மதிப்பதென்றால் உன் பல்கலைக்கழகத்தில் கொசுவுக்குத்தான் நாற்காலி கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். மாதி விடவில்லை. சுடச்சுடத் திருப்பிக் கொடுத்தாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். இரண்டு பேர் கயற்கண்ணி பக்கம் சேர்ந்தார்கள். வாதம் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, போன மழைக்குக் கயற்கண்ணி ஒடித்த மாதியின் குடைக்குப் போனது. அங்கிருந்து, சொல்லாமல் கொள்ளாமல் அவள் வேலைக்கு ஒப்புக்கொண்டதற்கு வந்தது.

பை எப்போது தோளிலிருந்து இறங்கியதென்று தெரியவில்லை.

கீழே வளைவில் ஹாரன் அடித்தது.

"பஸ் வந்துவிட்டது," என்றாள் மாதி தன் மொழியில். "போ."

"மாட்டேன்."

அதே மொழியில் வந்துவிட்டது. வாசலில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கயற்கண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சொல் அவளுடைய நாலாயிரத்தில் இல்லை; பிள்ளைகள் அம்மாக்களிடம் சொல்லிக் காதில் விழுந்தது. அவள் கேட்டதற்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்த ஊர் அது. அவளிடம் யாரும் மறுத்ததில்லை.

மாதி பையைத் திறந்து ரெக்கார்டரை எடுத்தாள். பொத்தானை அழுத்தி, கயற்கண்ணியின் வாயருகே நீட்டினாள்.

"இன்னும் இரண்டு தடவை," என்றாள்.