கண்கட்டு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அளவைக் குறைத்தால் நஞ்சும் அமிர்தமாகுமா? பேராசிரியர் அருள்சீலியின் ஆய்வே அதுதான். போதைக் காளானைப் போதை ஏறாத கடுகளவில் மாத்திரையாக்கி, மனம் சோர்ந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். பாதிப் பேருக்குக் காளான், மீதிப் பேருக்கு வெறும் அரிசிமாவு. எது யாருக்கென்று கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் இதற்குக் கண்கட்டு என்று பெயர்.

அவரிடம் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்த மாணவர் செண்பகராமனுக்குக் குருவைவிட வயது கூடுதல். மகனைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவர் மனைவி தாயம்மை சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். அவளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். சொந்தக்காரர்கள் கூடாதென்பது விதி. குரு மனமிரங்கிவிட்டார். அங்கேதான் வந்தது வினை.

தினமும் செண்பகராமன்தான் மாத்திரையை நீட்டுவார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்குவாள். மெல்ல எழுந்தாள். தலை வாரினாள். ஒருநாள் மீன்காரியோடு விலைக்குச் சண்டை போட்டாள் பாருங்கள், மனுஷன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

ஆய்வு முடிந்து கண்கட்டை அவிழ்த்தார்கள். காளான் தின்றவரும் மாவு தின்றவரும் ஒன்றுபோலத் தேறியிருந்தார்கள். தாயம்மை தின்றது மாவு. விழுங்கியவர்களிடம் உண்மையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். அவளோ அடுத்த டப்பா எப்போது வருமென்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

செண்பகராமன் குருவிடம் ஓடினார். சொன்னால் மறுபடி சுவர்தான், இந்த முறை எழவே மாட்டாள் என்றார்.

"பேசாம மாவையே கொடுத்துடுறேன் மேடம். சொல்ல வேண்டாம்."

குரு ஒரு மாவு மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"விழுங்குங்க சார்."

விழுங்கினார்.

"எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. மாவுன்னு தெரியுமே."

"அவங்ககிட்ட நீட்டும்போதும் தெரியுமே. இதே முகத்தோடதானே நீட்டுவீங்க?"

செண்பகராமன் பட்டமும் வேண்டாம், ஆராய்ச்சியும் வேண்டாம் என்று என்னென்னவோ சொன்னார். அதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது. தாயம்மை. அவர் எடுக்கவில்லை.

"எனக்கு மறுபடி கண்ணைக் கட்டிவிடுங்க மேடம்."

குருவுக்கும் கண் கலங்கியிருந்தது.

"அவிழ்க்க மட்டும்தான் சார் நான் படிச்சேன்."