மூன்று மாதத்துப் பச்சை

உட்காருங்கள், சொல்கிறேன். ராஜாக்களின் பெயர்கூட மறந்துபோன அந்தக் காலத்தில், தெற்குக் கடலில் மணலால் ஆன ஒரு தீவு இருந்தது. வெண்மணல் என்று அதற்குப் பெயர். ஆதன் என்றொரு தலைவன் அதை ஆண்டான்.

அந்தத் தீவில் ஆறு கிடையாது. மலை கிடையாது. நெல் விளையாது. தென்னை மட்டும் உண்டு. ஆயிரம் தென்னை. அவற்றின் நிழலில் வாழை, கமுகு, வெற்றிலைக் கொடி, சேம்பு. குடிக்க இளநீர், தின்னத் தேங்காய், கூரை வேய ஓலை, படகு கட்டக் கயிறு எல்லாம் தென்னை கொடுத்தது. கடற்காற்று மணலை வாரிக்கொண்டு வரும்போது குறுக்கே நின்று தடுத்ததும் தென்னைதான்.

ஒரு வருஷம் அந்த மரங்களுக்கு நோவு வந்தது. அடி ஓலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகிக் கருகின. குரும்பைப் பிஞ்சுகள் உதிர்ந்தன. உதிராமல் நின்ற காய்களும் ஒரு கைக்குள் அடங்கும் அளவுதான் இருந்தன.

ஆதன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பொரு புயலில் ஊரே வீடிழந்தபோது தன் வீட்டைத் திறந்துவிட்டு வாசலில் படுத்தவன் அவன். ஆனால் அவனுக்கு ஒரே மகள், குமுதை. அக்கரை மன்னன் தன் மகனுக்கு அவளைப் பெண் கேட்டிருந்தான். மூன்று மாதத்தில் அங்கிருந்து ஆட்கள் வருவார்கள். படகை விட்டு இறங்கியதும் அவர்கள் கண்ணில் படப்போவது இந்த மஞ்சள் தோப்பு. அதை நினைத்து நினைத்து ஆதனுக்குச் சோறு இறங்கவில்லை.

"தோப்புக்கு என்ன உரம் போடலாம் என்று தெரிந்தவர்கள் வாருங்கள்" என்று பறை அறைவித்தான்.

மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவன் பதுமன். அக்கரையிலிருந்து சரக்கு ஏற்றி வரும் வணிகன். மாட்டுத் தொழுவங்களிலிருந்து அள்ளிய பச்சைச் சாணமும் கோழி எச்சமும் அவன் படகில் குவிந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தன. "இதைப் போடுங்கள் தலைவரே, ஒரே மாதத்தில் கரும்பச்சை" என்றான்.

அடுத்து வந்தவன் ஒரு மீனவன். ஒரு கூடை மீன் குடலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கடல் கொடுக்காததையா மாடு கொடுத்துவிடும்?" என்றான்.

கடைசியாக வந்தவள் மருதி. அதே தீவில் கயிறு திரிப்பவள். மரமேறி கோடனின் மனைவி. அவள் கொண்டுவந்த ஓலைப்பெட்டியில் கறுப்பாக, பொலபொலவென்று, வாடையே இல்லாத ஒரு பொடி இருந்தது. தேங்காய் உரிமட்டைச் சாம்பல், மழையில் உப்புப் போன கடற்பாசி, இரண்டு வருஷம் மக்கிய இலை.

"இது எத்தனை நாளில் வேலை செய்யும்?" என்று ஆதன் கேட்டான்.

"மூன்று வருஷம் ஆகும் ஐயா."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

மருதி சிரிக்கவில்லை. "வாழைக்கு இன்று போட்டால் அடுத்த வாரம் தெரியும். தென்னை அப்படியில்லை. இன்று வேருக்குக் கொடுப்பது பாளைக்குள் போய்க் காயாகி வர மூன்று வருஷம் வேண்டும். நம் மணலில் சாம்பல் சத்து இல்லை, மரம் அதற்குத்தான் ஏங்குகிறது. பச்சைச் சாணம் சூடு. பசித்தவனுக்குச் சோறு போடாமல் கள்ளைக் கொடுத்த மாதிரி" என்றாள்.

ஆதன் யோசித்தான். ஆளுக்கு மூன்று மரத்தைக் காட்டினான். மரத்தடியில் ஆளுக்கு ஒரு வாழை. "ஒரு மாதம். எது செழிக்கிறதோ அந்த உரம்" என்றான்.

மீனவன் புதைத்ததை முதல் வாரமே நாய்கள் தோண்டித் தின்றுவிட்டன. அவன் போட்டி அத்தோடு முடிந்தது.

பதுமன் தன் மூன்று மரத்தடியிலும் முழங்கால் உயரத்துக்குச் சாணத்தைக் குவித்தான். ஆளை ஏற்றி மஞ்சள் ஓலைகளை எல்லாம் வெட்டிப்போட்டான். மேலே நின்றது பச்சை ஓலை மட்டும். வாழை தளதளவென்று எழுந்தது.

மருதி தன் மரங்களைச் சுற்றி அகலமாக வட்டம் கீறி, பொடியைத் தூவி, மண் மூடினாள். மஞ்சள் ஓலையை வெட்டவிடவில்லை. "அந்த ஓலையில் மிச்சமிருப்பதை உறிஞ்சித்தான் மரம் மேலே அனுப்புகிறது. அதை வெட்டினால் வாயில் இருப்பதைப் பிடுங்கின மாதிரி" என்றாள். மாதம் முடிந்தபோது அவள் மரங்கள் மஞ்சளாகவே நின்றன.

ஆதன் இரண்டையும் பார்த்தான். மகளை நினைத்தான். பதுமனின் உரத்தைத் தேர்ந்தெடுத்தான்.

பதினைந்து படகு சாணம் வந்து இறங்கியது. ஆயிரம் மரத்தடியிலும் குவியல். மீந்தது தோப்பின் தெற்கு மூலையில் ஆள் உயரத்துக்குக் கிடந்தது. மஞ்சள் ஓலைகளை வெட்டிப்போட்டதில் மரங்கள் எல்லாம் சிரைத்த முகம் மாதிரி சுத்தமாக நின்றன. அக்கரை ஆட்கள் வந்தார்கள், கரும்பச்சைத் தோப்பைப் பார்த்தார்கள், வாழைக்குலையைத் தடவிப் பார்த்தார்கள், தட்டு மாற்றினார்கள். கல்யாணம் நடந்தது. பதுமன் படகு நிறைய முத்தும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு போனவன், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

அப்புறம் மழை வந்தது.

மழை நின்றபின் மருதி ஒரு குவியலைக் காலால் கிளறினாள். உள்ளே கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. அடுத்த குவியலிலும் இருந்தன. தெற்கு மூலையில் மண்வெட்டி போட்ட இடமெல்லாம் நெளிந்தன. கொம்பு வண்டின் புழு. இப்படிக் குவித்துப் போட்ட சாணத்தில் அது பெருகும். வளர்ந்து இறக்கை முளைத்ததும் நேராக மரத்தின் உச்சிக்குப் போய்க் குருத்தைத் துளைக்கும்.

குருத்தைத் துளைத்தால் என்ன என்று கேட்கிறீர்களா? முருங்கையை ஒடித்தால் பக்கத்தில் துளிர்க்கும். வாழையை வெட்டினால் கன்று வரும். தென்னைக்குத் தலையில் ஒரே ஒரு குருத்து. அது போனால் மரம் போயிற்று.

மருதி ஓடினாள். ஆதன் வீட்டு வாசலில் நின்று, "ஐயா, எல்லாக் குவியலையும் வாரிக் கரையில் போட்டு எரித்துவிடலாம். இன்னும் இறக்கை முளைக்கவில்லை. பத்து நாள் இருக்கிறது" என்றாள்.

அந்தப் பத்து நாளுக்குள்தான் குமுதை புருஷனோடு முதல்முறையாகப் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மருமகன் வருகிற நேரத்தில் தோப்பு முழுக்கக் குழியும் புகையுமா? அவர்கள் போகட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்றான் ஆதன்.

அவர்கள் இருபது நாள் தங்கினார்கள்.

அவர்கள் போனபோது தோப்பில் ரீங்காரம் கேட்டது. விரியும் ஓலைகள் எல்லாம் கத்தரியால் நறுக்கியதுபோல் விரிந்தன. முதல் மாதம் நாற்பது மரம் பட்டது. இரண்டாம் மாதம் இருநூறு. ஏற்கெனவே பசியில் இருந்த மரங்கள், அடி ஓலையும் இழந்த மரங்கள். எதிர்த்து நிற்க அவற்றுக்கு ஏது தெம்பு? மருதியின் கொல்லையில் நின்ற பன்னிரண்டு மரத்தையும் வண்டு விடவில்லை. வேலி இருப்பது வண்டுக்குத் தெரியுமா?

இப்போது ஆதன் கண்விழித்தான். குவியல்களை எரித்தான். மரமேறிகளை எல்லாம் அழைத்து, இரும்புக் கம்பியால் குருத்துக்குள் இருக்கும் வண்டைக் குத்தி எடுக்கச் சொன்னான். கோடன் ஒரு நாளைக்கு முப்பது மரம் ஏறினான். மருதி கீழே நின்று, மணலும் சாம்பலும் கலந்து மட்டை இடுக்கில் போடக் கட்டிக் கொடுத்தாள்.

"அந்தப் பெரிய மரம் வேண்டாம். கொண்டை சாய்ந்திருக்கிறது" என்றாள் ஒரு நாள் காலையில்.

"இது ஒன்றுதான். இதைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று கோடன் ஏறினான்.

உச்சியில் மட்டையைப் பிடித்தான். உள்ளே எல்லாம் அழுகிக் குழைந்திருந்தது. கொண்டை மொத்தமும் கையோடு வந்துவிட்டது. மருதியின் கண்ணெதிரே விழுந்தான். ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்தபோது உயிர் இல்லை.

அடுத்த கோடைக்குள் ஆயிரம் மரமும் பட்டுவிட்டது. தலையில்லாத தூண்கள் மட்டும் நின்றன. நிழல் போனதும் வெற்றிலைக் கொடி வெந்தது. கமுகு காய்ந்தது. காற்றைத் தடுக்க எதுவும் இல்லாததால் மணல் வந்து வாழையை மூடியது, சேம்பை மூடியது, கடைசியில் கிணற்றையும் மூடியது. தாயிடம் பால் வற்றி மூன்று குழந்தைகள் செத்தன. நான்காவது சாவுக்கு ஊர் காத்திருக்கவில்லை. இருந்த படகுகளில் ஏறிக் குடும்பம் குடும்பமாக அக்கரைக்குப் போனார்கள்.

கடைசிப் படகு புறப்படுகிற அன்று மருதி ஆதனிடம் வந்தாள். இந்தத் தடவை அவள் எதையும் கேட்க வரவில்லை. "எல்லாரும் ஏறியாயிற்று ஐயா" என்று சொல்ல வந்தாள்.

ஆதன் தோப்பின் நடுவே தரையில் உட்கார்ந்து ஒரு மரத்தடியில் கையால் வட்டம் கீறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு கூடைச் சாம்பல். நகமெல்லாம் ரத்தம்.

"மருதி, நீ சொன்னபடியே செய்கிறேன். மூன்று வருஷம் என்றாயே, இருக்கிறேன். வேறு என்ன போட வேண்டும், சொல்" என்றான்.

மருதி அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"இனி எதுவும் போட வேண்டாம் ஐயா. தின்பதற்கு அதற்கு உயிர் இல்லை."

அவன் கையிலிருந்த சாம்பலைக் கீழே விட்டான். அவள் பின்னால் நடந்து கரைக்கு வந்தான்.

படகில் இருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். குழந்தையைப் புதைத்தவர்கள் அதில் இருந்தார்கள். யாரும் திட்டவில்லை. யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவும் இல்லை. ஆதன் முழங்கால் தண்ணீரில் அப்படியே நின்றான்.

மருதி படகில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு தன் மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அவன் ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்தான். படகு அக்கரைக்குப் புறப்பட்டது.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இது: ஒன்றை வளர்க்க நினைப்பவர், தம் அவசரத்துக்கு ஏற்றதைக் கொடுக்காமல், அதன் தேவைக்கு ஏற்றதைக் கொடுத்துப் பொறுத்திருக்க வேண்டும்.