மூன்று நாளும் மிஞ்சிய தேங்காய்

வெகு காலத்துக்கு முன்னே கொன்றையூர் நாட்டைச் சித்திரகேசரி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் மிச்சம் என்றால் அவருக்கு ஆகாது. எதை வரிசையாக அடுக்கினாலும் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அடுக்கியவர் நாட்டை விட்டே போக வேண்டும். இப்படியும் ஒரு சட்டம்!

அரண்மனைத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டவள் மாடத்தி. அந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தர நாலு வருஷமாய்த் துடித்துக்கொண்டிருந்தார் தளவாய் சொக்கநாயகம்.

தேங்காய்த் திருவிழா வந்தது. சபையில் தளவாய் எழுந்தார்.

"மகாராஜா! இந்த வருஷம் ஒரே குவியலை முதல் நாள் ஏழு வரிசை, மறுநாள் பதினொரு வரிசை, மூன்றாம் நாள் பதின்மூன்று வரிசையாகச் சமமாய் அடுக்கச் சொல்லுங்கள். தீர்ப்பைக் கடைசி நாள் சொல்லலாம்."

"பேஷ்! மாடத்தி, முடியுமா?"

"முடியும் ராசா. மூணு இலக்கத்துல நீங்களே ஒரு எண் சொல்லுங்க."

"வருஷத்துக்கு எத்தனை நாளோ அதுதான். முந்நூற்று அறுபத்தைந்து."

"அதையே பக்கத்துல இன்னொரு தடவை எழுதுங்க. 365365. அத்தனை காய் கொண்டாரேன்."

சபை வாயைப் பிளந்தது. மூன்று லட்சத்து அறுபத்தையாயிரத்து முந்நூற்று அறுபத்தைந்து தேங்காய்! தளவாய் வீட்டுக்கு ஓடிப்போய் வகுத்துப் பார்த்தார். ஏழால் வகுத்தார், மிச்சமில்லை. பதினொன்றால் வகுத்தார், பதின்மூன்றால் வகுத்தார், அப்போதும் இல்லை. வயிறு எரிந்தது. வீட்டிலிருந்து ஒரே ஒரு தேங்காயை அங்கவஸ்திரத்தில் மறைத்துக் கொண்டுவந்து குவியலில் போட்டுவிட்டார்.

முதல் நாள் ஒன்று மிஞ்சியது. மறுநாளும் ஒன்று. மூன்றாம் நாளும் ஒன்று.

"மாடத்தி, மூட்டையைக் கட்டு!" என்றார் ராஜா.

தோப்பை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. ஆனாலும் குவியலுக்கு முன்னே போய் நின்றாள்.

"ராசா, ஏழையும் பதினொண்ணையும் பதிமூணையும் பெருக்கினா ஆயிரத்து ஒண்ணு. எந்த மூணு இலக்க எண்ணை அதால பெருக்கினாலும் அதே எண் ரெண்டு தடவை வந்து நிக்கும். அதனால என் காய் மூணு நாளும் மிஞ்சாது. ஒவ்வொரு நாளும் ஒண்ணு மிஞ்சுதுன்னா, வெளியிலேர்ந்து ஒரு காய் வந்திருக்கு. என் தோப்புக் காய் எண்ணெய்ச் செக்குக்குப் போறது, குடுமியைப் பிச்சிட்டுத்தான் அனுப்புவோம். குடுமி வெச்ச காய் இருக்கான்னு தேடச் சொல்லுங்க."

தேடினார்கள். குடுமியும் சவ்வாதுப் பொட்டுமாக ஒரு தேங்காய் அகப்பட்டது. பூசைத் தேங்காயைத் தவிர வேறு தேங்காயைத் தொட்டறியாத தளவாய், தன் பூசையறையிலிருந்தே எடுத்து வந்திருந்தார். தேங்காய்க்குச் சவ்வாதுப் பொட்டு வைப்பது ஊரிலேயே அவர் வீட்டில் மட்டும்தான். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

"மிச்சம் வைத்தவர் நாட்டை விட்டுப் போகட்டும்!" என்று ராஜா கர்ஜித்தார்.

"வேண்டாம் ராசா, அந்தச் சட்டமே வேண்டாம். சபையில எல்லாரும் சோடி சோடியா உக்காந்திருக்காங்க. மிஞ்சியிருக்கிறது சிம்மாசனத்துல நீங்க ஒருத்தர்தான்."

ராஜா இடமும் வலமும் எண்ணிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சட்டம் அன்றோடு ஒழிந்தது. தோப்பு மாடத்திக்கே சொந்தமானது.

தளவாய்க்கும் ஒரு வேலை கிடைத்தது. அத்தனை தேங்காயையும் தன் கையாலேயே உடைத்துச் செக்குக்கு அனுப்ப வேண்டும். குடுமிக் காயைக் கடைசியாக உடைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்தக் காய் இன்னும் குடுமியோடுதான் இருக்கிறதாம்.