முதல் கொட்டை பொந்துக்கு

மலைக்காட்டில் ஓர் உயரமான வேங்கை மரம். அதில் செம்பன் என்ற மலையணிலும் அவன் மனைவி மஞ்சாடியும் குடியிருந்தார்கள். மூன்று பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, ஆளுக்கொரு மரத்தில் குடிவைத்துவிட்டார்கள். செம்பனுக்கு மனிதர் கணக்கில் சொன்னால் ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

ஒருநாள் காலை, செம்பன் வேங்கையிலிருந்து பக்கத்துப் பலாமரத்துக்குத் தாவினான். தினமும் தாவுகிற தூரம்தான். அன்று கால் எட்டவில்லை! நல்லவேளையாகக் கீழ்க்கிளை ஒன்று கையில் சிக்கியது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் தொங்கினான்.

'இன்றைக்குக் கிளை சிக்கியது. இன்னும் கொஞ்ச காலம் போனால்? தாவ முடியாத அணிலுக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்?'

நேராகத் தான் கொட்டை சேர்த்து வைக்கும் பொந்துக்குப் போய் எட்டிப் பார்த்தான். அடியில் நாலைந்து தான்றிக்காய்கள் கிடந்தன. அவ்வளவுதான். இத்தனை வருஷம் ஓடியோடிப் பொறுக்கியதெல்லாம் பிள்ளைகளின் வாய்க்கும் அவர்களின் கூடுகளுக்கும் போயிருந்தது. அதில் அவனுக்கு வருத்தம் இல்லை. ஆனால் பயமாக இருந்தது.

மேல்கிளையில் கருமந்தி ஒன்று கொழுந்து மென்றுகொண்டிருந்தது. காட்டில் யார் வீட்டு விஷயமானாலும் அதற்கு ஒரு யோசனை உண்டு.

"என்ன செம்பா, பொந்து காலியா? உன் வயசுக்கு இந்நேரம் மூணு பொந்து நிரம்பி வழிஞ்சிருக்கணுமே!"

"மூணு பொந்தா!"

"பின்னே? இனிமே எங்கே நிரப்பப் போறே? காலம் கடந்துபோச்சு. இருக்குறதைத் தின்னுட்டு நிம்மதியாத் தூங்கு!" என்று சொல்லிவிட்டு மந்தி அடுத்த மரத்துக்குத் தாவியது. அது தன் வாழ்நாளில் ஒரு கொட்டைகூடச் சேர்த்து வைத்ததில்லை.

செம்பன் கூட்டுக்குத் திரும்பி, வாலால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டான். மஞ்சாடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, உடம்புக்கு என்ன?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். கால் எட்டாததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. மஞ்சாடி அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"மூணு பொந்துங்கறது மந்தி வயித்துக்குங்க. நம்ம ரெண்டு வயித்துக்கு எவ்வளவு வேணும்? அதைச் சொல்லுங்க."

செம்பன் முகத்திலிருந்து வாலை எடுத்தான். அப்படி அவன் யோசித்ததே இல்லை.

இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். அடைமழைக் காலத்தில் வெளியே போக முடியாது. அப்போது இருவரும் பசியாற ஒரு பொந்து போதும். அதற்குமேல் உடம்புக்கு முடியாமல் போனால் எடுக்க இன்னும் அரைப் பொந்து.

"ஒண்ணரைப் பொந்து! இது நம்மால முடியும் போலிருக்கே!" என்றான் செம்பன்.

"முடியும். ஆனா தான்றிக்காயா வேண்டாம். என் பல்லு இப்பவே ஆடுது. பலாக்கொட்டையாச் சேர்ப்போம்" என்று சிரித்தாள் மஞ்சாடி. "அப்புறம், பிள்ளைங்களுக்காகக் கட்டினதோட சேர்த்து நமக்கு எதுக்கு மூணு கூடு? பிள்ளைங்க போயாச்சு. கூடுகளைப் பழுது பார்க்கவே பாதி நாள் போகுது. ஒண்ணு போதும்."

மறுநாளிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்கள். கிடைப்பதில் முதல் கொட்டை பொந்துக்கு. மிச்சம்தான் வாய்க்கு. சில நாள் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். அன்றும் அது பொந்துக்குத்தான் போகும். அன்று இருவரும் மரப்பட்டையைக் கொறித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். பொந்து மெல்ல மெல்ல நிரம்பியது.

மழைக்குக் கொஞ்ச நாள் முன்பு கடைசி மகன் நெட்டையன் வந்தான்.

"அப்பா! நாகமரத்து உச்சியில பெரிய கூடு ஒண்ணு கட்டப்போறேன். கட்டி முடிக்கிற வரைக்கும் இரை தேடப் போக முடியாது. உங்க பொந்துல இருக்குறதைக் குடுங்களேன்!"

செம்பனின் கை தானாகப் பொந்துக்குள் போனது. பிள்ளை கேட்டு அவன் இல்லையென்று சொன்னதே கிடையாது. ஒரு பலாக்கொட்டையை எடுத்தான். பின்னாலிருந்த மஞ்சாடியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

செம்பன் கொட்டையைத் திரும்பப் பொந்துக்குள்ளேயே வைத்தான்.

"கண்ணு, இது தர்றதுக்கில்லை."

"என்னப்பா! அண்ணனுக்குக் கொடுத்தீங்க, அக்காவுக்குக் கொடுத்தீங்க..."

"கொடுத்தேன். அப்ப என் காலுல தெம்பு இருந்துச்சு. இப்ப குறையுது. இதையும் கொடுத்துட்டா, நாளைக்கு உன் குட்டி வாயில போக வேண்டியதை எடுத்து நீ எங்களுக்குத் தரணும். அந்தக் கஷ்டத்தை உனக்கு நான் வைக்கக் கூடாது." அவன் மகனின் தோளைத் தொட்டான். "கொட்டைதான் இல்லை. கை இருக்கு. நாளைக்கு வந்து குச்சி ஒடிச்சுத் தர்றேன். நீ இரை தேடப் போ, நான் கட்டுறேன்."

நெட்டையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அன்று செம்பனுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

மறுநாள் சொன்னபடி நாகமரத்துக்குப் போனான். மகன் முகம் கொடுக்கவில்லை. செம்பன் தன் பாட்டுக்குக் குச்சி ஒடித்தான், இலை பரப்பினான். இரண்டாம் நாள் நெட்டையன், "அந்தக் கிளை வழுக்கும், பார்த்துப்பா" என்றான். அதுவே போதுமாக இருந்தது செம்பனுக்கு. கடைசியில் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, அளவான ஒரு கூடு எழும்பியது.

பிறகு மழை பிடித்தது. அப்படியொரு மழையைக் காடு சமீபத்தில் பார்த்ததில்லை. பாதை தெரியவில்லை, பக்கத்து மரம் தெரியவில்லை. செம்பனும் மஞ்சாடியும் கூட்டுக்குள் ஒட்டி உட்கார்ந்து, பலாக்கொட்டையை மெதுவாக மென்றபடி மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மழை விட்டதும் முதல் ஆளாக நெட்டையன் ஓடிவந்தான். உடம்பெல்லாம் நனைந்து, வாயில் ஒரு காட்டு மாங்கொட்டையைக் கவ்விக்கொண்டு வந்தான். பெற்றவர்கள் காய்ந்த கூட்டில் தெம்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"மழை பூரா உங்க நினைப்புதான்ப்பா. குட்டிகளை விட்டுட்டு வரவும் முடியலை. என்ன தின்னீங்களோ, இருக்கீங்களோன்னு..." மேலே பேச முடியாமல் அழுதுவிட்டான்.

மஞ்சாடி அவன் ஈர முதுகைத் தன் வாலால் துடைத்தாள்.

"நாங்க நல்லா இருக்கோம். அந்தக் கொட்டையை உன் குட்டிகளுக்குக் கொண்டு போ, ராசா!"

பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுப்பதைப் போலவே, தளரப்போகும் நாளுக்கென்று தேவையறிந்து நாமே சேர்த்து வைப்பதும் அவர்கள்மேல் காட்டும் அன்புதான். அதைத் தொடங்க ஐம்பத்தைந்து வயதிலும் நேரம் இருக்கிறது.